படுக்கையருகே வந்த பணி

நோயும் பாட்டும் சேர்ந்து நிற்கும் வரலாறுகள் பக்தி உலகுக்குப் புதியவை அல்ல. சூலை நோயின் வேதனை தாளாமல் துடித்த மருள்நீக்கியார், தமக்கையார் திலகவதியாரின் கையால் திருநீறு பெற்று, திருவதிகை வீரட்டானத்துச் சந்நிதியில் நின்று பாடிய அன்றுதான் திருநாவுக்கரசர் ஆனார். வாத நோயால் உடல் முடங்கிய மேல்புத்தூர் நாராயண பட்டத்திரி, குருவாயூரப்பன் சந்நிதியில் நாளொன்றுக்கு ஒரு தசகமாக நூறு நாட்கள் பாடி நாராயணீயத்தை நிறைவு செய்தார். இரண்டு வரலாறுகளிலும் பாடியவரை நோய் விட்டு நீங்கியது. கோயிலை நம்பி வாழும் குடும்பங்களில், நோயுற்றவரின் கையைப் பற்றிக்கொண்டு பெரியவர்கள் இவற்றைச் சொல்லித் தேற்றுவது இன்றும் வழக்கம்.

ஆனால் அந்தத் தேறுதலைக் கேட்கும் நோயாளியின் உள்ளத்தில், வெளியே சொல்லாத வினா ஒன்று எழுவதுண்டு. ‘பாடியும் நீங்காத நோய் வந்துவிட்டால்? குணமாகும் என்று மருத்துவரே உறுதி கூற இயலாத நோய் வந்துவிட்டால், அப்போது பாட்டுக்கு என்ன பயன்?’ பாடகருக்கும் எழுத்தாளருக்கும் சிற்பிக்கும் மட்டும் உரிய வினா அன்று இது. ஐம்பது ஆண்டுகளாக நாள் தவறாமல் வாசலில் கோலமிட்டு வந்த மூதாட்டிக்கும், உற்சவ மூர்த்திக்கு மாலை கட்டியே கை பழகிய முதியவருக்கும் இதே வினா எழும். இரத்தப் புற்றுநோய் என்று அறியப்பட்ட பிறகும் படைப்பைக் கைவிடாத இருவரின் வாழ்க்கையில் இதற்கு ஒருவகை விடை கிடைக்கிறது. இருவரும் வேற்று நாட்டவர். வேற்றுச் சமயச் சூழலில் வளர்ந்தவர்கள். ஒருவரிடம் அவருடைய நோயின் பெயர் இறுதிவரை கூறப்படவில்லை. மற்றவர் தமது நோயின் பெயரை அறிந்தபடியே பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.

மாலை தோறும் வந்த காய்ச்சல்

முதலாமவர் ஹங்கேரி நாட்டு இசைமேதை பேலா பார்டோக். 1881ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையிலேயே பியானோ வாசிப்பதில் புகழ் பெற்ற அவர், நகர மேடைகளின் கைத்தட்டலோடு நிறைவு கொள்ளவில்லை. மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் கருவியைச் சுமந்துகொண்டு, சிற்றூர் சிற்றூராகச் சென்று, உழவர்களும் மூதாட்டிகளும் பாடிய பாடல்களை ஆயிரக்கணக்கில் பதிவு செய்தார். ஒவ்வொன்றையும் சுரம் பிரித்து எழுதிவைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவியின் பாட்டிலும் செவ்விய இலக்கணம் இருக்கிறது என்பது அவர் கொண்ட உறுதி.

ஐரோப்பாவில் நாஜிகளின் கொடுங்கோன்மை பரவியது. தாய் உயிரோடு இருந்தவரை பார்டோக் நாட்டை விட்டு அகல மனம் கொள்ளவில்லை. 1939ஆம் ஆண்டு இறுதியில் தாய் மறைந்தார். 1940இல் மனைவி டிட்டாவுடன் அவர் அமெரிக்காவின் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவருடைய இசையை விரும்பிக் கேட்டவர்கள் சிலரே. கச்சேரிகள் குறைந்தன; வருவாய் சுருங்கியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறப் பாடல்களை எழுத்தில் பெயர்க்கும் பணி கிடைத்தது ஒன்றே ஆறுதல். இனிப் புதிதாக எதையும் இயற்றப்போவதில்லை என்று நெருங்கியவர்களிடம் அவர் சொல்லும் நிலை வந்தது.

1942ஆம் ஆண்டில் மாலை தோறும் காய்ச்சல் வரத் தொடங்கியது. காரணம் புலப்படவில்லை. 1943ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குச் சொற்பொழிவாற்றச் சென்றவர் உடல் தளர்ந்து வீழ்ந்தார். எடை 40 கிலோவுக்கும் கீழே இறங்கியது. மருத்துவமனைச் செலவுக்குக் கையில் பணம் இல்லை. அமெரிக்க இசையமைப்பாளர் சங்கம், அவர் தன் உறுப்பினர் அல்லர் என்பதையும் பாராமல், அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது.

அவருடைய உடலில் நடந்தது என்ன என்பதை இன்று எளிதாகச் சொல்லலாம். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்த அணுக்கள் பிறக்கின்றன. வெள்ளணுக்களைத் தோற்றுவிக்கும் உயிரணுக்கள் அங்கே கட்டுக்கடங்காமல் பெருகினால், மற்ற அணுக்களுக்கு இடமில்லாமல் போகிறது. சிவப்பணு குறைவதால் சோர்வும் மூச்சிரைப்பும் வருகின்றன. இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைவதால் சிறு காயத்திலும் இரத்தம் கசிகிறது. எண்ணிக்கையில் பெருகிய வெள்ளணுக்களோ முதிராதவை. நோயை எதிர்க்கும் ஆற்றல் அற்றவை. ஆதலால் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது. பார்டோக்கின் நோய் இரத்தப் புற்றுநோயே என்று மருத்துவர்கள் 1944ஆம் ஆண்டில் முடிவு செய்தனர். அந்நாளில் அதற்குப் பயன் தரும் மருந்து ஏதும் கிடையாது. நோயின் பெயரை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று சுற்றியிருந்தவர்கள் தீர்மானித்தார்கள்.

அனுதாபத்துக்கு மாற்றாக ஒரு வேலை

நோய் முடிவாக அறியப்படுவதற்கு ஓராண்டு முன்னர், 1943ஆம் ஆண்டு மே மாதத்தில், மருத்துவமனை அறைக்கு ஒருவர் வந்தார். பாஸ்டன் நகரத்துப் பெரிய வாத்தியக் குழுவின் நடத்துநர் செர்ஜ் கூசெவிட்ஸ்கி. மறைந்த தம் மனைவி நடாலியின் நினைவாக ஓர் அறக்கட்டளை நிறுவியிருந்தார் அவர். அந்த அறக்கட்டளைக்காக வாத்தியக் குழு முழுவதும் வாசிக்கத்தக்க ஒரு படைப்பை இயற்றித் தர வேண்டும். அதற்கு 1000 டாலர் சன்மானம். இதுவே அவர் கொண்டுவந்த வேண்டுகோள்.

இந்த வருகைக்குப் பின்னால் இரு நண்பர்களின் அன்பு மறைந்திருந்தது. ஹங்கேரியிலிருந்து வந்த வயலின் கலைஞர் ஜோசப் சிகெட்டியும், இசைக்குழு நடத்துநர் ஃபிரிட்ஸ் ரெய்னரும், பார்டோக் தானமாக எதையும் ஏற்கமாட்டார் என்பதை நன்கு அறிந்தவர்கள். வறுமையிலும் தன்மானத்தை விடாத மனிதர் அவர். பணத்தை நீட்டினால் மறுப்பார். பணியை நீட்டினால் மறுக்கமாட்டார் என்று கணித்து, அவருக்குத் தெரியாமலே இந்த ஏற்பாட்டைத் தூண்டினார்கள்.

அவரோ அதையும் ஏற்கத் தயங்கினார். முடிக்க இயலுமோ இயலாதோ என்ற ஐயம் இருக்கும்போது முன்பணம் பெறுவது முறையன்று என்பது அவர் எண்ணம். கூசெவிட்ஸ்கி விடவில்லை. அறக்கட்டளையார் முடிவெடுத்துவிட்டனர், இனி மாற்ற இயலாது என்று கூறி, பாதித் தொகைக்கான காசோலையை அங்கேயே விட்டுச் சென்றார்.

அந்தக் கோடையில் நியூயார்க் மாநிலத்தின் வட பகுதியில் உள்ள சாரனாக் ஏரிக்கரைக்கு பார்டோக் ஓய்வுக்காக அனுப்பப்பட்டார். மலைக்காற்றுக்குப் பெயர்பெற்ற அவ்வூரில், ஆகஸ்டு 15 முதல் அக்டோபர் 8 வரை, இரண்டு மாதத்துக்கும் குறைவான காலத்தில், ஐந்து பகுதிகள் கொண்ட ‘வாத்தியக் குழுவுக்கான கான்செர்ட்டோ’வை எழுதி முடித்தார். முதற்பகுதியின் கடுமையிலிருந்தும், நடுப்பகுதியில் ஒலிக்கும் இரங்கற்பாட்டிலிருந்தும் மெல்ல மெல்ல நகர்ந்து, இறுதியில் வாழ்வை உறுதி செய்யும் இசையை அடைவதே அதன் போக்கு என்று அவரே விளக்கியிருக்கிறார். 1944 டிசம்பர் 1 அன்று பாஸ்டனில் அது அரங்கேறியபோது, இசையமைத்தவர் நேரில் இருந்து கேட்டார். இருபதாம் நூற்றாண்டில் பிறந்த மேலை இசைப் படைப்புகளுள் உலகெங்கும் மிகுதியாக வாசிக்கப்படுவனவற்றில் அதுவும் ஒன்று.

இதனிடையே நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் பார்டோக் குறிப்பிட்ட செய்தி ஆழ்ந்து எண்ணத்தக்கது. உடல் தேறியதால் எழுத முடிந்ததா, எழுதியதால் உடல் தேறியதா, இது எப்படியும் இருக்கலாம் என்ற பொருளில் அவர் எழுதியிருந்தார். அந்தத் தேற்றம் நிலைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இசை அவருடைய நோயைத் தீர்க்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் அவர் மறைந்தார். எந்தப் பாட்டும், எந்த ஓவியமும், எந்த எழுத்தும் இந்நோய்க்கு மருந்தாகிவிடாது. மருந்தை மருத்துவரிடமே பெற வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளும் வெறும் காத்திருப்பாகக் கழியாமல் காத்ததே பணி அவருக்குச் செய்த உதவி. ‘இனி இயற்றப்போவதில்லை’ என்று சொன்ன அதே மனிதர், காலையில் கண் விழிக்கும்போது, முந்தைய நாள் நிறுத்திய இடத்திலிருந்து தொடர வேண்டிய ஒன்று அவருக்காகக் காத்திருந்தது.

பெயர் அறிந்து வாழ்ந்தவர்

இரண்டாமவர் எட்வர்ட் சயீத். 1935இல் ஜெருசலேமில் பாலஸ்தீனக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, கெய்ரோவில் வளர்ந்து, அமெரிக்காவில் கல்வி கற்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இலக்கியப் பேராசிரியராக விளங்கியவர், நூலாசிரியர், பியானோவிலும் தேர்ச்சி பெற்றவர். பார்டோக் பாடல்களைப் பெயர்த்தெழுதிய அதே பல்கலைக்கழகத்தில், அவருக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின் பணியில் சேர்ந்தவர்.

1991ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், வழக்கமான உடற்பரிசோதனையில், அவருக்கு நாட்பட்ட வகை இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. இவ்வகை நோய் முதியோரிடமே மிகுதியாகக் காணப்படுவது, மெல்ல வளர்வது. பல நோயாளிகளுக்கு உடனே சிகிச்சை தொடங்காமல், குறித்த இடைவெளியில் இரத்தப் பரிசோதனை மட்டும் செய்துகொண்டு மருத்துவர்கள் கண்காணித்து வருவதும் உண்டு. ‘நோய் இருக்கிறது, ஆனால் இப்போது மருந்து வேண்டாம்’ என்று மருத்துவர் கூறும்போது, கைவிட்டுவிட்டாரோ என்று பல குடும்பங்கள் கலங்குகின்றன. அது கைவிடுவது அன்று. அதுவும் மருத்துவ முறைகளில் ஒன்றே.

சயீதுக்குச் சிகிச்சை அளித்தவர் இந்தியாவில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. ராஜஸ்தானின் ஜோத்பூரில் பிறந்து, அமெரிக்கா சென்று இரத்த நோய் வல்லுநராக உயர்ந்த டாக்டர் காந்தி ராய் அவர். இந்நோயின் நிலைகளைப் படிப்படியாக வகுத்து, எந்த நிலையில் என்ன எதிர்பார்க்கலாம் என்று அறிய உதவும் முறையை 1975இல் அவர் தம் குழுவினருடன் வெளியிட்டார். அவர் பெயராலேயே அம்முறை இன்றும் உலகெங்கும் வழங்குகிறது.

நோய் அறியப்பட்ட ஒரு மாதத்துக்குள் சயீத் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பாதி எழுதிய பின்னரே, அது யாருக்கு என்பது அவருக்கே உறைத்தது. ஒன்றரை ஆண்டுக்கு முன் மறைந்துபோன தம் தாயாருக்கு அவர் எழுதிக்கொண்டிருந்தார்! ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர், உலகம் அறிந்த அறிஞர், துயரச் செய்தி வந்ததும் தாயிடம் சொல்லிக்கொள்ளத் தேடிய குழந்தையாகியிருந்தார். இதைப் படிப்போர் எவரும் அதை விந்தையென்று சிரிக்கமாட்டார்கள்.

அந்தக் கடிதம் பாதியில் நின்றது. ஆனால் அதிலிருந்து வேறொன்று முளைத்தது. 1994இல் சிகிச்சை தொடங்கியது. அதே ஆண்டு மே மாதத்தில், மருந்தேற்றிய களைப்பிலிருந்து மீண்டு வரும்போது, தம் இளமைக்கால நினைவுகளை எழுதத் தொடங்கினார். பிறந்த வீடு கைவிட்டுப் போயிருந்தது, வளர்ந்த ஊர் மாறியிருந்தது, பெற்றோர் இல்லை. அவை யாவும் தம்மோடு மறைந்துவிடக் கூடாது என்ற தவிப்பே அந்நூலின் ஊற்று. ஒரே மூச்சில் எழுத உடல் இடங்கொடுக்கவில்லை. மருத்துவமனை நாட்கள், காய்ச்சல் நாட்கள், தெம்பு மீண்ட நாட்கள் என்று நோய் வகுத்த கால அட்டவணைக்குள் எழுத்தைப் பொருத்திக்கொண்டார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அவ்வாறு எழுதிய நூல் 1999இல் வெளிவந்தது. அதை அவர் இருவருக்குக் காணிக்கையாக்கினார்: டாக்டர் காந்தி ராய்க்கும் தம் மனைவி மரியத்துக்கும். நோயில் துணை நின்ற மருத்துவரையும் மனையாளையும் ஒரே வரியில் வைத்து வணங்கிய காணிக்கை அது.

அதே 1999ஆம் ஆண்டில், பியானோ மேதை டேனியல் பாரன்பாயிமுடன் சேர்ந்து, பகைமை கொண்ட அரபு நாடுகளையும் இஸ்ரேலையும் சேர்ந்த இளங்கலைஞர்களை ஒரே வாத்தியக் குழுவில் அமர்த்தும் முயற்சியையும் சயீத் தொடங்கினார். 2003 செப்டம்பரில் அவர் மறைந்த பின்னும் அந்தக் குழு தொடர்கிறது. கலைஞர்கள் தம் இறுதிக் காலத்தில் இயற்றியவை எத்தகையன என்பதை ஆராயும் நூல் ஒன்றையும் அவர் எழுதி வந்தார். அது முற்றுப்பெறவில்லை, மற்றவர்கள் தொகுத்து, 2006இல் வெளியாயிற்று.

சொல்வதா, மறைப்பதா?

இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, குடும்பங்களை வாட்டும் ஒரு கேள்வி முன்னே வந்து நிற்கிறது. மருத்துவமனை வராந்தாவில் மகனும் மகளும் மெல்லிய குரலில் பேசிக்கொள்வார்கள். ‘அப்பாவிடம் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டார்’ என்று முடிவாகும். உள்ளே படுத்திருப்பவரோ, அவர்களின் முகத்தைப் பார்த்தே பாதியை அறிந்துகொண்டு, ‘பிள்ளைகள் வருந்துவார்கள், கேட்க வேண்டாம்’ என்று தாமும் மறைப்பார். அன்பின் பெயரால் இரு தரப்பும் தனித்தனியே அழும்.

பார்டோக்கின் குடும்பத்தார் மறைத்ததும் அன்பினால்தான். அவர் எவ்வளவு அறிந்திருந்தார் என்பது அவரோடு போயிற்று. ஆனால் சயீதின் வரலாறு ஒன்றைக் காட்டுகிறது. நோயின் பெயரை அறிந்ததால் அவர் நொறுங்கிவிடவில்லை. கலங்கினார், தாயைத் தேடினார், பிறகு, எதை முதலில் எழுத வேண்டும் என்று தேர்ந்துகொண்டார். அந்தத் தேர்வு உண்மை அறிந்தவருக்கே வாய்க்கும். பேரனிடம் சொல்ல வேண்டிய சொல், உடன்பிறந்தவரோடு தீர்க்க வேண்டிய மனத்தாங்கல், எழுதி வைக்க வேண்டிய பதிகப் பண்முறை, குலதெய்வ வழிபாட்டு நெறி என்று ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்று எஞ்சியிருக்கும். காலம் எவ்வளவு என்று அறியாதவர் அதை நாளைக்கு என்று ஒத்திப்போடுவார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்பதில்லை. நோயாளி எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்கலாம். கேட்ட அளவுக்கு, மருத்துவரைத் துணையாக வைத்துக்கொண்டு, மெய்யைச் சொல்லலாம். கேட்காதவரிடம் திணிக்கவும் வேண்டாம். கேட்பவரிடம் பொய் கூறவும் வேண்டாம்.

சுமை குறையட்டும், பணி இருக்கட்டும்

நோய் வந்ததும் வீட்டார் முதலில் செய்வது, நோயாளியின் கையிலிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வது. ‘நீங்கள் ஓய்வெடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பார்கள். சமையல் போகும், கடைக்குப் போவது போகும், அவற்றோடு பூத்தொடுப்பதும், பூஜைக்குச் சந்தனம் அரைப்பதும், குழந்தைகளுக்குத் திருப்பாவை கற்பிப்பதும் சேர்ந்து போய்விடும். பாரத்தை இறக்குவதாக எண்ணி, வாழ்வதற்கான காரணத்தையும் சேர்த்து இறக்கிவிடுகிறார்கள். கூசெவிட்ஸ்கி செய்தது இதற்கு நேர்மாறானது. பழம் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்க வந்தவரல்லர் அவர். ‘உங்களால் மட்டுமே ஆகக்கூடிய ஒன்று எங்களுக்கு வேண்டும்’ என்று கேட்க வந்தவர்.

பணியின் அளவை நோய்க்கேற்பக் குறைக்கலாம், வடிவத்தை மாற்றலாம். பெரிய கோலம் போட இயலாதவர், நோட்டுப் புத்தகத்தில் புள்ளி வைத்து, தமக்குத் தெரிந்த கோலங்களை எல்லாம் வரைந்து பேத்திக்குக் கொடுக்கலாம். கச்சேரி செய்ய மூச்சு போதாத பாடகர், ஒரு மாணவருக்கு ஒரு கீர்த்தனத்தைப் படுக்கையிலிருந்தே திருத்திக் கொடுக்கலாம். விரல் நடுங்கினால் வாயால் சொல்ல, பேரப்பிள்ளைகள் கைபேசியில் பதிந்து வைக்கலாம். எதுவும் இயலாத நாட்களில் எதுவும் செய்யாமல் கிடப்பதும் தவறன்று. இந்நோயில் வரும் களைப்பு சோம்பல் அன்று, நோயின் கூறு. சயீத் போல, தெம்புள்ள நாளைப் பணிக்கும், தெம்பில்லாத நாளை ஓய்வுக்கும் கொடுக்கப் பழகினால் போதும்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். இரத்தப் புற்றுநோயாளரின் நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியிருக்கும். திருவிழாக் கூட்டத்திலும் நெரிசல் மிக்க தரிசன வரிசையிலும் நிற்பது சில காலம் ஆபத்தாகலாம். சமைக்காத உணவையும் மூடி வைக்காத பண்டத்தையும் தவிர்க்குமாறு மருத்துவர் கூறினால், பிரசாதமாயினும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிறருக்குக் கொடுத்துவிடலாம். காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கோயிலுக்குப் போக இயலாத நாளில் வீட்டிலிருந்தே நினைப்பவரை இறைவன் குறையாகக் கொள்வதில்லை. இதைப் பெரியவர்களே பலமுறை பிறருக்குச் சொல்லியிருப்பார்கள். தமக்கும் அது பொருந்தும் என்று ஏற்றுக்கொள்வதுதான் கடினம்.

எஞ்சிய பதினேழு

‘தொடங்கினால் முடிக்க வேண்டுமே, முடிப்பதற்குள் போய்விட்டால்?’ என்ற அச்சம்தான் நோயுற்ற பலரைத் தொடங்கவிடாமல் தடுப்பது. பார்டோக்கின் கடைசி மாதங்கள் இதற்கு ஆறுதல் தருகின்றன.

1945ஆம் ஆண்டுக் கோடையில் அவர் மீண்டும் சாரனாக் ஏரிக்கரையில் இருந்தார். மனைவி டிட்டாவும் பியானோ கலைஞர். அக்டோபர் 31 அன்று வரும் அவருடைய பிறந்தநாளுக்குப் பரிசாக, அவர் வாசிப்பதற்கென்றே ஒரு பியானோ கான்செர்ட்டோவை எழுதத் தொடங்கினார். தமக்குப் பின் மனைவிக்கு மேடையில் வாசித்து வாழ வழியாகட்டும் என்பதும் அவர் நோக்கம் என்பார்கள். நோயின் பெயர் காதில் விழாத மனிதர் செய்த ஏற்பாடு அது!

அதன் நடுப்பகுதிக்கு, ‘சமயப் பணிவுடன், மெதுவாக’ என்று பொருள்படும் குறிப்பை அவர் தலைப்பில் எழுதினார். சமய நிறுவனங்களோடு மிகுந்த ஒட்டுதல் இல்லாதவராக வாழ்ந்த அவருடைய படைப்புகளில் இத்தகைய குறிப்பு அரிது. அப்பகுதியின் தொடக்கம், 1825இல் கடும் நோயிலிருந்து மீண்ட பீத்தோவன் இறைவனுக்கு நன்றி செலுத்தி இயற்றிய இசையை நினைவூட்டுகிறது என்று இசை அறிஞர்கள் கூறுவர். பீத்தோவனின் அந்த நன்றிப்பாடல் அமைந்த சுர வரிசை, கர்நாடக இசையின் கல்யாணி ராகத்து ஏழு சுரங்களோடு ஒத்தது. நோய் நீங்கியவர் பாடிய நன்றியின் சாயலை, நோய் நீங்காதவர் தம் பாட்டில் ஏந்திக்கொண்டார். அதன் நடுவே பறவைகளின் குரல்கள் கேட்கின்றன. முந்தைய ஆண்டு வட கரோலினா மாநிலத்து ஆஷ்வில் ஊரில் உடல் தேற்றிக்கொள்ளத் தங்கியிருந்தபோது, அங்கே கூவிய பறவைகளின் ஒலியை அவர் சுரப்படுத்தி வைத்திருந்தார். அன்று நோயாளியின் காதில் விழுந்த பறவைக் குரல்கள் இவ்வாறு நிலைபெற்றன.

செப்டம்பரில் நோய் முற்றியது. நியூயார்க்குக்குத் திரும்பிய அவர், படுக்கையில் தாள்களைப் பரப்பி எழுதிக்கொண்டேயிருந்தார். சொல்ல வேண்டியவை நிறைய இருக்கும்போதே போக நேர்கிறதே என்று மருத்துவரிடம் வருந்தியதாகக் கூறுவர். செப்டம்பர் 26 அன்று உயிர் பிரிந்தது. கான்செர்ட்டோவில், தாள ஆவர்த்தனம் போன்ற மேலை இசைக் கட்டங்களுள் கடைசிப் பதினேழு மட்டும், வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதப்படாமல் எஞ்சின.

அவருடைய நண்பர் டிபோர் செர்லி அந்தப் பதினேழையும், பார்டோக் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு நிரப்பினார். 1946 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா நகரில் அது அரங்கேறியது. துயரத்தில் ஒடுங்கிப்போன டிட்டா ஹங்கேரிக்குத் திரும்பினார். பல ஆண்டுகள் சென்றபின், கணவர் தமக்காக எழுதிய அப்படைப்பை, அதே செர்லி இசைக்குழுவை நடத்த, தாமே வாசித்து ஒலிப்பதிவு செய்தார். 1988இல் பார்டோக்கின் உடல் எச்சம் அமெரிக்காவிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டு, புடாபெஸ்ட் மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது.

அந்த இசையைக் கேட்பவர்கள் எவரும் எழுதப்படாமல் போன பதினேழு கட்டங்களை எண்ணிக்கொண்டு கேட்பதில்லை. நோயுற்ற பெரியவர் இன்று தொடுக்கும் பூச்சரம் பாதியில் நின்றால், மறுமுனையைப் பிடித்துக்கொள்ள வீட்டில் ஒரு கை இருக்கும். ஆதலால் தொடங்கலாம்.